மைதா இல்லாத கெட்டிப் பதம்

கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அண்ணி கரண்டியைக் கையில் எடுத்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் ஒரு கணம் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல சூப் கட்டி ஏதாவது போட்டியா?" என்று மெல்லக் கேட்டார். இரண்டு போட்டிருந்தேன். "அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா?" என்றார். குப்பைக் கூடையிலிருந்து அதைத் தேடி எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, எறும்பு ஊர்வது போன்ற எழுத்துகளை நானே வாசித்தேன்: உப்பு, எண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, பார்லி மால்ட் சாறு. மைதா சேர்க்கக் கூடாது, ரொட்டி கூடாது, கிரீம் கூடாது என்று மூன்று மணி நேரம் பார்த்துப் பார்த்துச் சமைத்த ஸ்டூ, கட்டைவிரல் அளவுள்ள இரண்டு கட்டிகளால் வீணாயிற்று. அன்று இரவு அண்ணி இரண்டு ஆப்பிள்களும், தனிப் பாத்திரத்தில் வேகவைத்த ஓர் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார். "பரவாயில்லம்மா, வாசனையிலேயே வயிறு நிறைஞ்சுடுச்சு" என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

அவருக்குச் சீலியாக் நோய் என்று உறுதியாகி அப்போது நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதை நான் ஒரு வகை ஒவ்வாமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒவ்வாமை இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போனால், நோயைத் தடுக்க வேண்டிய உடலின் ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்குகிறது. அந்தச் சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுவதால், தின்பது உடம்பில் ஒட்டுவதில்லை. இரத்தசோகையும் எலும்புத் தேய்வும் தீராத களைப்பும் அதன் பின்னாலேயே வருகின்றன. உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்கி வைப்பதுதான் இன்றுவரை இதற்குள்ள மருத்துவம். பாலும் ஏன் கூடாது என்று நான் கேட்டதற்கு அண்ணி சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க உதவும் நொதி, அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனி தேய்ந்தால் நொதியும் குறையும். குடல் ஆறி, உறிஞ்சிகள் மீண்டும் வளரும்வரை பாலும் கிரீமும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆக, ஒரு விலக்கு வாழ்நாளுக்கு, மற்றொன்று சில மாதங்களுக்கோ ஓரிரு ஆண்டுகளுக்கோ.

கோதுமைதான் குற்றவாளி என்பதைக் கண்டறிந்து நிறுவியவர் வில்லெம் கரெல் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமையின் மீது அவருக்கு முன்பே ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலமான 1944–45இல் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனபோது, ஊரெல்லாம் மெலிந்துகொண்டிருக்க, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள் என்பதும், ரொட்டி திரும்பி வந்ததும் மீண்டும் நோயில் விழுந்தார்கள் என்பதும் அந்த ஐயத்துக்கு வலுச் சேர்த்தன. 1950இல் தம் ஆய்வேட்டில் அவர் இதை முறையாக எழுதி வைத்தார். பஞ்சகாலத்தில் உடல் தேறிய ஒரு குழந்தையின் தாய் அந்த ரொட்டி திரும்பி வந்த நாளில் என்ன நினைத்திருப்பார் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு. பிள்ளைக்கு முதலில் ஊட்டியிருப்பது அந்த ரொட்டியைத்தானே.

சமையலுக்கு வருகிறேன். இலைகள் பழுத்து உதிரும் பருவத்தில், மாலை சீக்கிரமே இருட்டி, காற்றில் ஈரக் குளிர் ஏறும்போது, உடம்பு கேட்பது தெளிந்த ரசமோ பச்சைக் காய்களோ அல்ல. கரண்டியில் எடுத்தால் சொட்டாமல் தங்குகிற, அடிவயிறுவரை சூடு இறங்குகிற ஒன்று. அந்தக் கெட்டிப் பதத்தை நாம் வழக்கமாக வெண்ணெயில் வறுத்த மைதாவிடமிருந்தும் கிரீமிடமிருந்தும் கடன் வாங்குகிறோம். இரண்டும் விலக்கு என்றானபோது நான் செய்த முதல் தவறு, அவற்றின் இடத்தில் அதே அளவுக்கு வேறொன்றைக் கொண்டுவந்து வைத்ததுதான். மைதாவுக்குப் பதில் சோள மாவு, கிரீமுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். வாயில் வைத்தால், ஊருக்குப் போனவரின் சட்டையை மாட்டிக்கொண்டு வேறொருவர் வந்து நிற்பது போல இருக்கும்.

அந்த இரவுக்குப் பிறகு வாரக்கடைசிகளில் எனக்காக மட்டும் சமைத்துப் பார்த்தேன். சோள மாவைக் கரைத்து ஊற்றினால் கொதி வந்த சில நொடிகளில் கெட்டியாகி, பளபளவென்று மின்னும். தக்காளியோ ஆப்பிளோ சேர்ந்த புளிப்பில் நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் வந்த கெட்டி மெல்ல நீர்த்துப் போகும். மீந்ததை உறையவைத்து உருக்கினால் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். மரவள்ளி மாவு கோந்து போல இழுத்தது. அரிசி மாவு இவற்றைவிடப் பண்பாக நடந்துகொண்டாலும், ஒரு மாவு வாடை கடைசிவரை நாக்கில் இருந்தது. மூன்று மாவுகளிலும் ஒரே குறைதான்: சுவை ஏதும் கொண்டுவராமல் பதத்தை மட்டும் கொண்டுவந்தன. வறுத்த மைதாவில் அந்த வறுப்பின் மணமும் வெண்ணெயின் கொழுப்பும் சேர்ந்தே வருவதை அப்போதுதான் கவனித்தேன். மாவைத் தேடுவதை விட்டுவிட்டு, பானையில் ஏற்கெனவே கிடக்கும் பண்டங்களே தம்மைக் கெட்டியாக்கிக்கொள்ளுமா என்று பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வெள்ளை பீன்ஸில் விடை பாதி கிடைத்தது. ஆறு பேருக்கு 300 கிராம் உலர்ந்த பீன்ஸ் போதும். அதை முதலில் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்க வேண்டும். பயறு, பருப்பு, தானியம் எல்லாம் பல நேரங்களில் ஒரே வயலில் மாறி மாறி விளைந்து, ஒரே வண்டியில் ஏறி, ஒரே ஆலையில் புடைக்கப்படுபவை. நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பீன்ஸ் மணிகளுக்கு நடுவே நடுவில் கோடு விழுந்த பழுப்பு மணி ஒன்று என் விரலில் தட்டுப்பட்டது. கோதுமை. பொட்டலத்தின் முன்பக்கம் பீன்ஸ் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. பின்பக்கம், மடிப்புக்குள், கோதுமையின் சுவடு இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. அந்த ஒரு மணியை ஜன்னல் விளிம்பில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின், குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற பொட்டலத்தையே வாங்குகிறேன். அப்போதும் தட்டில் பரப்பிப் பொறுக்கும் பழக்கத்தை விடவில்லை.

பொறுக்கிய பீன்ஸை நன்றாகக் கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து, இரவு முழுக்க ஊறவைக்கிறேன். உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. தோலில் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளைக் கால்சியமும் மக்னீசியமும் இறுகப் பிணைத்து வைத்திருக்கின்றன. உப்பின் சோடியம் அவற்றில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொள்வதால், தோல் இளகி, வெடிக்காமல் வேகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். தக்காளி விழுதையோ ஆப்பிளையோ பீன்ஸ் வேகும் முன்பு சேர்த்துவிட்டால், இரண்டு மணி நேரம் கழித்தும் கடிக்கும்போது நறுக்கென்று நிற்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில்தான் வேகவைக்க வேண்டும். பீன்ஸ் வகைகளில் வயிற்றைப் புரட்டிப் போடும் லெக்டின் நச்சு ஒன்று இருக்கிறது. சிவப்புக் கிட்னி பீன்ஸில் அது மிக அதிகம், வெள்ளையில் குறைவு. தளதளவென்று கொதிக்கும் நீரில்தான் அது அழிகிறது; குறைந்தது பத்து நிமிடம் என்பார்கள், நான் அரைமணி கொதிக்கவிட்ட பிறகே தீயைக் குறைக்கிறேன். மெதுவாகச் சமைக்கும் மின்பானையில் ஊறிய பீன்ஸை நேரடியாகப் போடுவது ஆபத்தானது. அதன் சூடு கொதிநிலையைத் தொடாமலே நின்றுவிடலாம். ஏற்கெனவே நொந்துபோன குடலுள்ளவருக்குச் சமைக்கும்போது இந்த ஒரு படியில் சோம்பல் கூடாது.

குழைய வெந்த பீன்ஸில் மூன்றில் ஒரு பங்கை, வெந்த தண்ணீரோடு சேர்த்து மிக்ஸியில் அரைத்தால், கிரீமைப் போலவே வழவழவென்று வெண்மையாக ஒரு விழுது வரும். மாவுச்சத்தும் புரதமும் கரைந்து இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சோறு வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுபவர்களின் நினைவு வருகிறது.

மறுபாதி விடை பூசணி. மஞ்சள் பூசணியை அறுத்தவுடன் சமைப்பதைவிட, சில வாரங்கள் வைத்திருந்து சமைத்தால் இனிப்புக் கூடும்; உள்ளே இருக்கும் மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறுவதே காரணம். கோடையின் கடைசியில் காய்த்தது இலையுதிர் காலத்தின் நடுவில் ருசிப்பது அதனால்தான். முதல் தடவை நான் அதைத் துண்டுபோட்டு நேராகப் பானையில் வேகவைத்தேன். பூசணியில் பெரும்பகுதி தண்ணீர். வெந்ததும் அந்தத் தண்ணீரை எல்லாம் ஸ்டூவுக்குள் விட்டுவிட்டு, தானும் சவசவவென்று ஆகிவிட்டது. இப்போது ஒன்றேகால் கிலோ பூசணியைத் தோல் சீவி, இரண்டு விரல் தடிமனில் வெட்டி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயும் உப்பும் புரட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் ட்ரேயில் பரப்பி, 200 பாகை செல்சியஸ் சூட்டில் நாற்பது நிமிடம் ஓவனில் சுடுகிறேன். நெருக்கமாக அடுக்கினால் தன் ஆவியிலேயே அவிந்துவிடும். இடைவெளி விட்டால் தண்ணீர் ஓடி, ஓரங்கள் கருஞ்சிவப்பாகச் சுருண்டு, வெல்லப்பாகு அடிப்பிடிக்கும் தறுவாயில் வரும் வாசனை அடுப்படி முழுக்கப் பரவும். அந்தத் துண்டுகளில் பாதியை முள்கரண்டியால் மசித்துப் பானையில் கரைக்கிறேன்; மீதிப் பாதி, பரிமாறும் முன் முழுசாகவே உள்ளே போகிறது. மைதா தந்த வறுத்த மணம், மைதா இல்லாமலே இப்படி வந்து சேர்கிறது.

மீதி இருப்பது, இறைச்சிச் சாறோ சூப் கட்டியோ தருகிற அந்த ஆழமான ருசி. 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். குளூட்டமேட்டுக்கும் குளூட்டனுக்கும் பெயரில் உறவு தெரிந்தாலும், சீலியாக் நோயாளிக்குக் குளூட்டமேட்டால் தீங்கில்லை. தக்காளி விழுதில் அது நிறைய இருக்கிறது. உலர்ந்த காளானில் குவானிலேட் என்ற வேறொரு பொருள் இருக்கிறது; இரண்டும் சேரும்போது ருசி கூட்டல் கணக்கில் இல்லாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. ஆகவே 20 கிராம் உலர்ந்த காளானை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் இறுத்து வைத்துக்கொள்கிறேன். புதுக் காளான் 400 கிராமைத் தடிமனாக நறுக்கி, அகலமான பாத்திரத்தில் இரண்டு தடவையாகப் பிரித்து வறுக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் காளான் அழுதுகொண்டே இருக்கும். பொறுமையாக விட்டால் தண்ணீர் வற்றி, சலசலப்பு மாறி, பொரியும் ஓசை வரும். அந்த ஓசை வந்த பின்புதான் உப்பு.

இனிச் சேர்ப்பது எளிது. காளான் வறுத்த அதே பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, இரண்டு வெங்காயம், மூன்று கேரட், இரண்டு தண்டு செலரி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிச் சுருள வதக்கி, ஆறு பல் பூண்டும் தைம் இலையும் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுதை அதில் செங்கல் நிறம் வரும்வரை வறுத்து, அடியில் ஒட்டியதைக் காளான் நீர் ஊற்றிச் சுரண்டிவிட வேண்டும். பிறகு முழு பீன்ஸ், அரைத்த பீன்ஸ், மசித்த பூசணி, காளான். சின்னத் தீயில் இருபது நிமிடம். கடைசியில் ஒரு புளிப்பு ஆப்பிளைத் துருவிச் சேர்க்கிறேன். இவ்வளவு இனிப்பும் மாவும் சேர்ந்த இடத்தில் அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் நான்காவது கரண்டியில் திகட்டிவிடும்.

சமையலைவிட அதிக நேரம் எடுத்தது அடுப்படியைத் தயார் செய்வதுதான். கொதிக்கவைத்தால் குளூட்டன் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது கிருமி இல்லை, எவ்வளவு கொதித்தாலும் தீங்கு செய்யும் பகுதி அப்படியே இருக்கும். பன்னாட்டு உணவுத் தர விதிகளின்படி, குளூட்டன் இல்லை என்று அச்சிடப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. என் பானையில் மூன்று கிலோ ஸ்டூ இருந்தால், அந்தக் கணக்கில் 60 மில்லிகிராம். சாதாரணக் கோதுமை ரொட்டியில் நூறு கிராமுக்கு எட்டு ஒன்பது கிராம் புரதம் உண்டு; அதில் பெரும்பகுதி குளூட்டன்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கிராம் எடையுள்ள ரொட்டித் துணுக்கு, இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் அளவு, மொத்தப் பானையையும் அந்த எல்லைக்குக் கொண்டுபோய் விடுகிறது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, பதினோரு வருடமாகப் பாஸ்தா கிண்டிய என் மரக்கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நுனியில் மயிரிழை போல விரிசல்கள். அதையும், நறுக்கும் பலகையையும், கண்களில் எப்போதும் ஏதோ ஒன்று அடைத்திருக்கும் வடிதட்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, புதுக் கரண்டியும் பலகையும் வாங்கினேன். மைதா டப்பாவைத் திறந்த கையோடு காற்றில் மிதக்கும் மாவு அடங்க நேரமாகும் என்பதால், சமைப்பதற்கு முந்தைய நாளிலிருந்தே அந்த டப்பாவைத் திறக்கவில்லை. மசாலா அலமாரியும் சுத்தமானதல்ல: சோயா சாஸில் கோதுமை, மால்ட் வினிகரில் பார்லி, கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு. அலமாரி பாதி காலியானது.

அண்ணி வந்த அன்று, அவர் கேட்பதற்கு முன்பே எல்லாப் பொட்டலங்களையும் மேசை ஓரத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். "என்னடி இது, கண்காட்சியா?" என்று சிரித்தவர், சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பி முழுசாக வாசித்தார், தக்காளி விழுதுக் குழாயைக்கூட விடவில்லை. என் அண்ணன் சங்கடப்பட்டு, "அவதான் எல்லாம் பாத்துருக்காளே" என்றான். "அவர் வாசிக்கட்டும்" என்றேன். உண்மையில், அவர் நம்பிக்கையின் பேரில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும். அண்ணன் தனக்கென்று வாங்கி வந்த ரொட்டியைப் பற்றி நான் வாய் திறக்கும் முன்பே அண்ணி அதை ஹாலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார். அவன் கடைசியில் ரொட்டி இல்லாமலே இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அண்ணி முதல் கிண்ணத்தை முடித்துவிட்டு, "உப்பு ஒரு கல் கம்மி" என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். உப்பு குறைவாகத்தான் இருந்தது. சூப் கட்டி எவ்வளவு உப்பைக் கொண்டுவந்திருந்தது என்பது அது இல்லாதபோதுதான் தெரிந்தது.

மிச்சத்தை ஒரு கண்ணாடி டப்பாவில் கொடுத்தனுப்பினேன். மறுநாள் பகலில் அண்ணி போன் செய்து, "கரண்டியை நட்டா அப்படியே நிக்குது, என்ன செய்யறது?" என்று கேட்டார். பீன்ஸின் மாவுச்சத்து குளிர்ந்தால் இப்படித்தான் இறுகும். அரைக் கோப்பை வெந்நீர் விட்டு, சின்னத் தீயில் அடியோடு கிளறிவிட்டுச் சூடாக்கி, அந்த ஒரு கல் உப்பையும் இப்போது போட்டுக்கொள்ளச் சொன்னேன்.